சவுக்கு தாங்கும் கனம்

சவுக்கின் ஊசி ஒன்றை இரண்டு பக்கமும் விரலால் பிடித்து மெல்ல இழுத்தால் கணுவில் கழன்று வரும். கழன்ற துண்டை அதே கணுவில் திரும்பச் செருகிவிட்டால் எங்கே பிரிந்தது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வாழப்பாடியில் எங்கள் வீட்டுத் திண்ணையில், என் தம்பியின் ஆறு வயது மகன் இந்த விளையாட்டை எனக்குச் சொல்லித் தந்தான். "எங்க பிரிச்சேன், சொல்லு அத்த." மூன்று முறையும் தப்பாகச் சொன்னேன். நான்காம் முறை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அப்போதுதான் கணுவைச் சுற்றிப் பல் பல்லாக நின்ற அந்தச் சின்ன வளையம் கண்ணில் பட்டது.

அந்தப் பற்கள்தான் சவுக்கின் இலைகள். நாம் இலை என்று நினைக்கிற பச்சை ஊசி உண்மையில் மெல்லிய ஒரு கிளை. அதன் ஒவ்வொரு கணுவிலும் ஆறு முதல் எட்டு வரை செதில்கள் வட்டமாக ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. கடலோர மணலில், உப்புக்காற்றில் நின்று பழகிய மரம் தன் இலையை அவ்வளவுக்குச் சுருக்கி வைத்திருக்கிறது. அதன் அறிவியல் பெயரான காசுவாரினா, காசோவரி என்ற பறவையின் தொங்கும் இறகைப் பார்த்து வைத்ததாம். கடலூர், விழுப்புரம் பக்கம் காடுபோல வளர்க்கிற மரம் இது. எங்கள் ஊரில் அங்கங்கே தோட்டத்து ஓரங்களில் காற்றுக்குத் தடுப்பாக நிற்கிறது. தெரிந்தவர் தோட்டத்தில் ஆளுயரக் கிளை ஒன்றை வெட்டி எக்ஸெல் வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்து, பழைய பெயிண்ட் வாளியில் ஈரமணல் போட்டு நட்டோம். தமிழ்நாட்டுச் சமவெளியில் எத்தனையோ வீடுகளில் கிறிஸ்துமஸ் மரம் என்றால் இந்தச் சவுக்குதான். எனக்கும் சின்ன வயதிலிருந்து இதுதான் கிறிஸ்துமஸ் மரம். படங்களில் வருகிற ஃபிர் மரத்தைப் பார்த்தால் வேறு யார் வீட்டுப் பிள்ளையையோ பார்ப்பதுபோல இருக்கும்.

சவுக்குக் கிளைக்கு ஒரு குணம் உண்டு. கனம் தாங்காது. ஃபிர் மரத்தின் கிளை விறைத்து நிற்கும். ஜெர்மனியின் துரிங்கியா மலைப்பகுதியில் லௌஷா என்ற ஊரின் கண்ணாடி ஊதுகிறவர்கள், 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் மரத்தில் மாட்டுவதற்கென்றே கண்ணாடி உருண்டைகளை ஊத ஆரம்பித்தபோது, அவற்றைத் தாங்க அப்படிப்பட்ட கிளைகள் அவர்களுக்கு இருந்தன. சேலம் கடைவீதியில் வாங்கிவந்த பளபளப்பு உருண்டை ஒன்றை எங்கள் கிளையில் மாட்டிப் பார்த்தோம். ஊசிகள் மொத்தமாகக் குனிந்தன. உருண்டை வழுக்கி விழுந்து கூடத்தில் ஓடியது. சின்னவன் எடுத்து மாட்டினான், மறுபடியும் விழுந்தது. அவனுடைய அக்கா, பதினொரு வயதுக்காரி, "மரத்துக்குக் கை வலிக்குது அத்த" என்றாள். எங்கள் வேலை அந்த ஒரு சொல்லிலிருந்துதான் தொடங்கியது. மரத்துக்குக் கை வலிக்காத பொருள் என்னென்ன இருக்கிறது என்று வீட்டையும் தெருவையும் துழாவினோம்.

கிடைத்தவற்றுக்கெல்லாம் ஓர் ஒற்றுமை இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். எல்லாமே உள்ளே இருந்தது போனபின் மிஞ்சியவை. முட்டை போன ஓடு, தட்டு போன மட்டை, தண்ணீர் போன கூழ்.

ஜவ்வரிசிக் கூழில்தான் முதலில் கைவைத்தோம், ஏனென்றால் அது வத்தலாகக் காய நாளாகும். வாழப்பாடியில் டிசம்பர் என்றால் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, பிடுங்குகிற காலம். ஆத்தூர் ரோட்டில் கிழங்கு லாரிகள் மண் உதிர்த்துக்கொண்டே போகும். ஆலைகள் இருக்கிற பக்கம் காற்றில் ஒரு புளிப்பு வாடை நிற்கும். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு அந்த வாடை வந்தால் கிறிஸ்துமஸ் வருகிறது என்று அர்த்தம். இந்த ஊர்ப்பக்கத்து ஜவ்வரிசிக்கு ரொம்ப வயதாகவில்லை. போர்க்காலத்தில், 1943 வாக்கில், சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியாரும் பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து மரவள்ளி மாவில் ஜவ்வரிசி செய்து பார்த்தார்கள் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் எனக்குப் பிடித்த சங்கதி வேறு. கிழங்கைத் தோலுரித்து அரைத்துப் பிழிந்த பாலைத் தொட்டியில் தங்கவிடுவார்கள். அடியில் படிந்த ஈரமாவை உடைத்து, அந்தக் காலத்தில் துணித்தூளியில் போட்டு, குழந்தையை ஆட்டுவதுபோல ஆட்டுவார்களாம். ஆட்ட ஆட்ட மாவு தானே உருண்டு மணியாகும். இப்போது அந்த வேலையை இயந்திரம் செய்கிறது. யாரும் ஒவ்வொன்றாக உருட்டாமல், ஒரு தாலாட்டில் உருண்ட மணி அது.

அரை மணி நேரம் ஊறவைத்து, அடுப்பில் கிளறினால் மணி மெல்லக் கண்ணாடியாகும். உடனே இறக்கிவிடக்கூடாது, ரொம்பவும் விடக்கூடாது. எங்களுக்கு வேண்டியது நடுவில் வெள்ளைப்புள்ளி மட்டும் வேகாமல் நிற்கிற பதம். "தவள முட்ட மாதிரி இருக்கு" என்றான் சின்னவன். சரியாகத்தான் சொன்னான். எங்கள் ஆயாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "மார்கழியில வத்தல் போடற கூத்து எங்கயாச்சும் உண்டாடி? பங்குனி வெயில்ல போட வேண்டியத" என்று சொல்லிக்கொண்டே கரண்டியைப் பிடுங்கிக் கிளறினார். உப்பு மட்டும் போடவிடவில்லை. உப்பு பனியை இழுக்கும், வத்தல் நமுத்துப்போகும் என்றார். எண்பது வயதுக்காரியின் அந்த ஒரு வார்த்தையில்தான் எங்கள் மரம் பிரிக்கிற நாள் வரை தாங்கியது.

ஒரு பாத்திரத்தில் பீட்ரூட் சாறு, ஒன்றில் மஞ்சள், ஒன்றில் கீரைச்சாறு, ஒன்றை வெறுமனே விட்டோம். சிலவற்றை பிளாஸ்டிக் தாளில் ஊற்றினோம். தாள் போதாமல் மூத்தவள் கொல்லையில் வாழையிலை அறுத்து வந்தாள். அந்தப் போதாமை எங்களுக்கு ஒரு பரிசு. இலையில் ஊற்றிய வத்தலின் அடிப்பக்கத்தில் வாழையின் நரம்பு முழுவதும் பதிந்திருந்தது, சீப்பால் வாரிய கோடுபோல. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மேலே மணிகள் வட்டம் வட்டமாகவும் கீழே நரம்புகள் நேர்நேராகவும் ஒன்றின்மேல் ஒன்று தெரிந்தன. இலைவடாம் சாப்பிட்டவர்கள் எல்லாரும் நாக்கில் உணர்ந்த கோடுதான். கண்ணால் பார்க்க அதை ஒருமுறை உயரத்தில் மாட்ட வேண்டியிருந்தது.

நூல் கோக்கத் துளை வேண்டுமே. ஈரத்தில் குத்தினால் கூழ் மூடிக்கொள்கிறது. காய்ந்தபின் குத்தினால் உடைகிறது. ஈர்க்குச்சியை ஈரத்திலேயே நட்டு, அப்படியே விட்டு, மணிக்கொரு தரம் லேசாகத் திருப்பிவிட வேண்டும் என்று இரண்டு தட்டு பாழானபின் கற்றுக்கொண்டோம். திருப்புகிற வேலை சின்னவனுக்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஓடுவான். அவன் குனிந்து திருப்பும்போது இடது கையின் ஒரு விரலை வத்தலின்மேல் ஊன்றிக்கொள்கிறான். மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் வத்தலில் துளைக்குப் பக்கத்தில் அந்த விரலின் ரேகை. வெயில் குறைவு என்பதால் ஓரங்கள் மெல்லத்தான் காய்ந்தன. காயக்காய ஒவ்வொன்றும் சின்னக் கிண்ணம்போலக் குவிந்தது. பீட்ரூட் சிவப்பு வெயிலில் நிற்கவில்லை, துருவின் நிறத்துக்கு வந்துவிட்டது. நிழலில் வைத்தவை நிறத்தைக் காப்பாற்றின, ஆனால் இரண்டில் பூஞ்சை கண்டது. துருநிறத்தையே எடுத்துக்கொண்டோம். மாலை ஐந்து மணி வெயில் அதற்குள் புகுந்தால் குங்குமப்பூப் பால் மாதிரி ஒரு நிறம் வருகிறது. கடையில் அந்த நிறத்தில் சாயம் கிடைக்காது.

முட்டைக்கு வருகிறேன். நாமக்கல் எங்களுக்குத் தெற்கே, பக்கத்து மாவட்டம். முட்டை விலையைக் காலையில் தங்கம் விலைபோலக் கேட்டுத் தெரிந்துகொள்கிற ஊர்கள் இவை. ஒரு முட்டையின் எடையில் பத்தில் ஒரு பங்கு ஓடு. அதாவது ஐந்தாறு கிராம். சவுக்கு அதைத் தாராளமாக ஏற்றுக்கொள்ளும். கோணியூசியால் மேலே ஒரு துளை, கீழே அதைவிடக் கொஞ்சம் பெரிய துளை, ஊசியை உள்ளே விட்டு மஞ்சள் கருவை உடைத்து, மேல்துளையில் வாய்வைத்து ஊத வேண்டும். முதலில் கண்ணாடி இழைபோல வெள்ளைக்கரு தொங்கும். அறுந்துவிடுமோ என்று பார்த்துக்கொண்டே இருப்போம், அறுவதில்லை. பிறகு திடீரென்று மஞ்சள் வரும், பிள்ளைகள் கத்துவார்கள். கடைசியில் ஒரு வெறுங்காற்றுச் சத்தம். அந்தச் சத்தம் வந்ததும் ஊதுகிறவர் முகத்தில் ஒரு ஆச்சரியம். கையில் இருப்பது இன்னும் முட்டைதான். ஆனால் எடை எங்கோ போய்விட்டது.

அடுத்த வீட்டுப் பெண் ஒருத்தி வருவாள், ஒன்பது வயது. அவள் அப்பா சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். முட்டையைத் தொடலாமா என்று வாசலில் தயங்கி நின்று, வீட்டுக்கு ஓடிப்போய்க் கேட்டுவந்தாள். "ஓட்ட மஞ்சத் தண்ணியில கழுவிட்டுத் தொடச் சொன்னாங்க அம்மா. இங்கயே வச்சிட்டு வந்துரணுமாம்." அப்படியே செய்தோம். மஞ்சள் தண்ணீரில் கழுவிய ஓடு லேசான சந்தன நிறத்துக்கு வந்தது. அதனால் அவள் வெள்ளை வண்ணத்தை எடுத்தாள். மார்கழி மாதம், விடிகாலையில் அம்மாவோடு வாசலில் புள்ளி வைத்துப் பழகிய கை. முட்டையிலும் புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் இழுத்தாள்.

தரையில் சிக்குக் கோலத்துக்கு ஓரம் உண்டு. கம்பி போய்ப் போய் ஓரப்புள்ளியைச் சுற்றிக்கொண்டு திரும்பியாக வேண்டும். முட்டைக்குப் பக்கவாட்டில் ஓரமே இல்லை. அவள் கம்பி புள்ளிகளுக்கு நடுவில் வளைந்து வளைந்து போய்க்கொண்டே இருந்து, முட்டையை ஒரு சுற்று சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே முன்பக்கமாக வந்து சேர்ந்தது. அவளே எதிர்பார்க்கவில்லை. தூரிகையை எடுத்துவிட்டு முட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேலும் கீழும் ஓடு குறுகுகிற இடத்தில் புள்ளிகள் நெருக்கியடித்தன. அங்கே ஏழைக் குறைத்து ஐந்தாக்கி, ஐந்தை மூன்றாக்கித் துளையைச் சுற்றி முடித்தாள். கணக்கு வாத்தியார் கரும்பலகையில் உலக உருண்டையைப் போட்டு விளக்குகிற விஷயம் இது. அவளுக்கு அது கோலம் போடுகிற கையில் வந்தது. பன்னிரண்டு ஓடுகளில் அந்த ஒன்றை மட்டும் நான் வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பேன். இரவில் யாரும் இல்லாதபோது நூலைத் தொட்டு மெல்லச் சுழலவிட்டால் கோலம் முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே இருந்ததெல்லாம் அன்றைக்கே வெங்காயம், பச்சைமிளகாய் போட்டுப் பொரியலாகிவிட்டது.

வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம் பக்கம் வந்தவர்களுக்குப் பாக்குத் தோப்பு தெரியும். நேராக, மெலிந்து, ஒன்றுக்கொன்று இடித்துக்கொள்ளாமல் நிற்கிற மரங்கள். தோப்புக்குள் மதியத்திலும் ஒரு குளிர்ச்சி. பாக்குமட்டையை ஊறவைத்துச் சூட்டு அச்சில் அழுத்தித் தட்டு செய்கிற பட்டறைகள் இங்கே உண்டு. மட்டையில் வட்டத்தை எடுத்ததும் மூலைகள் மிஞ்சும். ஒரு பக்கம் உள்வாங்கி வளைந்த முக்கோணத் துண்டுகள். அடுப்புக்குப் போகிறவை. ஒரு சாக்கு நிறைய எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மூத்தவள் இரண்டு துண்டைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள், முதுகோடு முதுகு சேர்த்தாள், சம்மனசின் இறக்கை. வெட்டவோ வளைக்கவோ ஒன்றும் இல்லை.

அவள் அதோடு விடவில்லை. மட்டையின் நரம்புகள் நீளவாக்கில் ஓடும். மழை பட்ட இடம் தேயிலைத் தண்ணீர்போலக் கறுத்திருக்கும். பட்டறையில் கறைபடிந்த மட்டையைக் கழித்து ஒதுக்குவார்கள். இவள் கறைத்துண்டுகளைத் தேடித் தேடி எடுத்தாள். கறை இறக்கையின் நுனியில் வரவேண்டும், நரம்பு தோளிலிருந்து நுனிக்கு ஓடவேண்டும், இரண்டு பக்கமும் ஜோடி சேரவேண்டும். ஒரு ஜோடிக்காக ஒரு மணி நேரம் சாக்கைக் கிளறினாள். கொக்கின் சிறகு, பருந்தின் சிறகு எல்லாம் நுனியில் கறுத்துத்தானே இருக்கிறது என்றாள். கொக்குக்கு அப்படி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. உடம்புக்குப் பாக்கின் காய்ந்த மேல்தோல். பாக்கை உரித்தபின் அது நார் நாராக விரிந்து, கீழே பாவாடைபோல நிற்கும். தலைக்கு மட்டும் ஒரு மரமணி. கண், மூக்கு வேண்டாம் என்று அவளே முடிவு செய்தாள். சின்னவன் கண்ணுக்குக் குன்றிமணி கேட்டான், களிமண் பிள்ளையாருக்கு வைப்பதைப் பார்த்திருக்கிறான். குன்றிமணியையும் கொட்டமுத்தையும் நான் பிள்ளைகள் வேலை செய்கிற இடத்தில் சேர்ப்பதில்லை. இரண்டும் பார்க்க அழகு, உள்ளே விஷம். பாக்கையும் வாயில் போடக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான், பாக்குவெட்டியால் நானே சில வில்லைகள் சீவித் தந்தேன். பாக்கின் உள்ளே பழுப்பும் வெள்ளையுமாக ஒரு சிக்கல் ஓடும், பளிங்கில் ஓடுவதுபோல. ஒரே பாக்கின் அடுத்தடுத்த வில்லைகளில்கூட அந்தக் கோடு கொஞ்சம் நகர்ந்துதான் இருக்கும். ஆறு வில்லையை வரிசையாகக் கோத்தால் ஒரு கோடு நடந்துபோவது தெரிந்தது.

தெருமுனை வீட்டுப் பையன் தென்னங்குருத்தோலையோடு வந்தான். அவன் தாத்தா கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் தோரணம் கட்டுகிறவர். கிளி, பூ எல்லாம் ஓலையில் முடைவார். எங்களுக்கும் குருத்தோலை புதிதில்லை. குருத்தோலை ஞாயிற்றுக்கு ஒற்றை ஓலையில் சிலுவை மடிப்பது கோயிலுக்குப் போகிற பிள்ளைகள் எல்லாருக்கும் கைவந்தது. அவன் நான்கு ஓலைகளை ஒன்றுக்குள் ஒன்று கோத்து இழுத்து, நடுவில் சதுரமாக முடிச்சு விழவைத்து, முனைகளை மடித்து மடித்துச் செருகி நட்சத்திரம் ஆக்கினான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஜெர்மனியில் கிறிஸ்துமஸுக்கு நான்கு காகித நாடாக்களை இதே மாதிரி கோத்து ஒரு நட்சத்திரம் செய்வார்கள். அதற்கு ஃப்ரோபெல் நட்சத்திரம் என்று பெயர். 1840-இல் குழந்தைகள் பள்ளிக்குக் கிண்டர்கார்ட்டன் என்று பேர்வைத்த ஃப்ரெட்ரிக் ஃப்ரோபெலின் பெயர்தான் அது. கண்ணாடி உருண்டை ஊதிய லௌஷா இருக்கிற அதே துரிங்கியாதான் அவருக்கும் ஊர். மடிப்பும் பின்னலும் பிள்ளைகளின் கைக்கு வரவேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். இந்தப் பையனுக்கு அதெல்லாம் தெரியாது. நாடா முனையை எந்தக் கண்ணியில் விட்டு எந்தப் பக்கம் எடுப்பது என்பது அவன் தாத்தாவிடமிருந்து அவன் விரலுக்கு வந்திருக்கிறது. நாடா மாதிரி நான்கு இருந்தால், பொறுமையுள்ள எந்தக் கையும் கடைசியில் அந்த முடிச்சில்தான் வந்து நிற்கும் போலிருக்கிறது. ஓலையில் செய்ததற்கு ஒரு கூடுதல் அழகு. காகிதத்துக்கு இரண்டு பக்கமும் ஒன்று. குருத்தோலைக்கு ஒரு பக்கம் வழுவழுப்பு, மறுபக்கம் மங்கல். அதனால் ஒவ்வொரு மடிப்பிலும் வெளிச்சம் மாறி மாறி விழுகிறது.

இவை போக, வண்டிகளுக்கு ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டுகிற கடையில் கழித்துப்போட்ட துண்டுகளில் சின்னச் சின்ன நட்சத்திரங்கள், தையல்கடைத் துணிநாடாக்கள், மூத்தவளின் கைக்குழந்தைக் கொலுசு அறுந்து உதிர்ந்த ஒரே ஒரு வெள்ளி மணி. கொலுசை முழுதாக மாட்டிப் பார்த்தோம், கிளை தாங்கவில்லை. மணி மட்டும் சரியாக நின்றது. யாராவது கதவைத் திறந்தால் அது ஒருமுறை சொல்லும்.

இருபத்துநாலாம் தேதிக்கென்று ஒரு வேலையை ஒதுக்கி வைத்திருந்தோம். குச்சிக்கிழங்கு இலைச் சங்கிலி. முன்னதாகச் செய்தால் வாடிவிடும். இந்தப் பக்கம் வளர்ந்த யாரும் இதைப் பள்ளிக்கூடம் போகும் வழியில் கழுத்தில் போட்டுக்கொண்டு போயிருப்பார்கள். வெள்ளைத் தாய்லாந்து, முள்ளுவாடி, குங்கும ரோஸ் என்று கிழங்கில் ரகத்துக்கு ஒரு பேர் உண்டு. காம்பின் நிறமும் ரகத்துக்கு ரகம் மாறும், சிலது இளம்பச்சை, சிலது செங்கல், சிலது கறுஞ்சிவப்பு. இலையை நீளக்காம்போடு பறித்துக்கொள்ள வேண்டும். காம்பின் அடியில் ஒரு விரற்கடை அளவு ஒடிக்க வேண்டும், ஆனால் ஒரு பக்கத் தோல் அறாமல். ஒடித்த துண்டை இழுத்தால் தோல் நாடாவாக உரிந்து வரும். அடுத்த துண்டை எதிர்ப்பக்கமாக ஒடித்து இழுக்க வேண்டும். இப்படி இடமும் வலமுமாக ஒடித்துக்கொண்டே போனால், துண்டுகள் மணிகளாகவும் தோல் நூலாகவும் இரண்டு சரம் இறங்கும். நடுவில் இலை பதக்கமாகத் தொங்கும்.

ஒரு காம்பு தானே மணியாகவும் நூலாகவும் பிரிந்து ஒரு நகை ஆகிறது. ஊசி இல்லை, கத்தி இல்லை, பசை இல்லை. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை. ஒடிக்கிற சத்தம் ஒன்று இருக்கிறது. காம்பு இளசா முற்றலா என்பதை அந்தச் சத்தமே சொல்லிவிடும். முற்றல் ‘டக்’கென்று ஒடிந்து தோலையும் சேர்த்து அறுத்துவிடும். இளசு ஒடியவே ஒடியாது, மடங்கும். நடுப்பதமான காம்புதான் சங்கிலிக்குச் சம்மதிக்கும். வெளிப்பக்கம் கறுஞ்சிவப்பாக இருக்கும் காம்பு உரித்த இடத்தில் வெளிர்பச்சையாக இருக்கும். ஆகவே ஒவ்வொரு மணியிலும் பாதி சிவப்பு, பாதி பச்சை. கிறிஸ்துமஸ் நிறம் என்று உலகம் எதைச் சொல்கிறதோ அது காம்புக்குள்ளேயே இருக்கிறது. சின்னவனின் மணிகள் ஒன்று பெரிது, ஒன்று சிறிது, இரண்டு இடத்தில் தோல் அறுந்து முடிச்சுப்போட்டது. அவன் அக்காவுடையது அளந்து ஒடித்ததுபோல ஒரே சீர். மரத்தில் சுற்றியபோது என் கண் அவன் சரத்தைத்தான் தேடிப்போனது. எங்கே அவசரப்பட்டான், எங்கே நாக்கைக் கடித்துக்கொண்டு கவனமாக ஒடித்தான் என்று மணி மணியாகப் படிக்கலாம். இலைப் பதக்கங்களில் விரல்கள் ஐந்தோ ஏழோ, ஒற்றைப்படையாகத்தான் வந்தன. எல்லாவற்றிலும் சீரான ஏழு விரல் இலை ஒன்றை உச்சியில் கட்டினோம். காகித ஸ்டார் வாசலில் தொங்குகிறதே, மரத்துக்கு இது போதும் என்று அந்த அடுத்த வீட்டுப் பெண்தான் சொன்னாள். எல்லாரையும் கைகழுவ அனுப்பினேன். அந்தக் காம்பின் பால் வாயில் படக்கூடாது.

அன்று இரவு பூசைக்குப் புறப்படுமுன் விளக்கை அணைத்துவிட்டுச் சீரியல் செட்டைப் போட்டோம். ஒவ்வொரு பொருளும் வெளிச்சத்தை ஒவ்வொரு விதமாக எடுத்துக்கொண்டது. வத்தல் வெளிச்சத்தை உள்ளே விட்டது. முட்டை ஓடு உள்ளே விடவுமில்லை, திருப்பி அனுப்பவுமில்லை, தன்மேலே வைத்துக்கொண்டது. ஓலை மடிப்புக்கு மடிப்பு அணைந்து எரிந்தது. மட்டை இறக்கை வெளிச்சத்தையே கண்டுகொள்ளவில்லை. பின்சுவரில் அதன் நிழல் மட்டும் பெரிதாக விரிந்தது. அந்த நேரம் பார்த்து ரோட்டில் ஒரு பஸ் திரும்பியது. அதன் முன்விளக்கு ஜன்னல் வழியாகக் கூடத்தைத் துடைத்துக்கொண்டு போக, ரேடியம் துண்டுகள் அத்தனையும் ஒரே நொடி பற்றி எரிந்து அணைந்தன. பிள்ளைகள் அடுத்த பஸ்ஸுக்காகக் காத்து நின்றார்கள். பூசைக்கு நேரமாகிவிட்டது என்று அவர்கள் அப்பா வாசலில் இருந்து கூப்பிட்டும் யாரும் நகரவில்லை.

மறுநாள் காலையிலேயே சங்கிலி வாடத் தொடங்கியது. இலைப்பதக்கங்கள் விரல்களை மடக்கிக்கொண்டன. உச்சி நட்சத்திரம் மூன்றாம் நாள் மூடிய கைபோல ஆனது. மாற்றலாமா என்று கேட்டேன்; மூத்தவள் வேண்டாம் என்றாள். அதன்பின் நான் தினமும் மரத்தைப் பார்த்தேன். குருத்தோலையின் வெளிர்மஞ்சள் தந்தநிறத்துக்கு வந்தது, பிறகு வைக்கோல்நிறம். காயும்போது ஓலை சுருங்கியதால் முடிச்சுகள் தளர்ந்து, நட்சத்திரத்தின் நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு இடைவெளிகள் திறந்தன. காம்பு மணிகள் மிளகளவு ஒடுங்கிக் கறுத்தன. தோல் நூல் மட்டும் முறுக்கேறிக் கயிறுபோல இறுகிற்று. சவுக்கு தன் பச்சையைக் கீழிருந்து மேலாக விட்டுக்கொடுத்துக்கொண்டே போனது. புத்தாண்டுக்குள் கீழ்க்கிளைகள் பழுப்பு, மேல்கிளைகள் பச்சை. முட்டை ஓடு மட்டும் எதுவும் நடக்காததுபோல இருந்தது. எறும்புகள் வத்தலைக் கண்டுபிடித்து, வாளியிலிருந்து கிளை வழியாக ஒற்றை வரிசையில் ஏறின. வாளியைச் சுற்றி மஞ்சள்பொடி தூவி நிறுத்தினோம்.

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள். மறுநாள் பிரித்தோம். ஓடுகளை முட்டை அட்டையிலேயே அடுக்கினோம். சம்மனசுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில். ஓலை நட்சத்திரம் ஒன்றை ஆயா கேட்டு வாங்கி, போன வருடத்துக் குருத்தோலைச் சிலுவை இருக்கும் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். மாட்டாமல் மிஞ்சிய வத்தல்களை எண்ணெயில் போட்டபோது விரல்ரேகையோடு சேர்த்து மூன்று மடங்காக உப்பி வெளுத்தன. மேலே உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவித் தின்றோம்.

கிளையை வாளியிலிருந்து பிடுங்கியதும் ஊசிகள் மழைபோலக் கொட்டின. கூட்டப்போன என்னைச் சின்னவன் நிறுத்தினான். பழுப்பேறிய ஓர் ஊசியைப் பொறுக்கி, இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, "எங்க பிரிக்கப்போறேன், சொல்லு அத்த" என்றான். நான் ஒரு கணுவைக் காட்டினேன். அவன் இழுப்பதற்கு முன்பே ஊசி எல்லாக் கணுவிலும் ஒன்றாகக் கழன்று அவன் உள்ளங்கையில் கிடந்தது. குனிந்து ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தான். பதினேழு வந்தது.